குதிரைப்படைத் துப்பாக்கி உறைகள்: சேகரிப்பவர் முதலில் படிக்க வேண்டியது தோலை

ஆய்வின் நோக்கம்

குதிரை வீரன் தன் கைத்துப்பாக்கியை இடுப்பில் கட்டாமல் குதிரையின் சேணத்தில் செருகி வைத்த காலம் ஒன்று இருந்தது. பதினாறாம் நூற்றாண்டு தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்த அந்தக் காலத்தின் மிச்சம்தான் சேணத்தில் தொங்கிய தோல் உறைகள். வாளும் துப்பாக்கிக் குழலும் இரும்பு. எண்ணெய் பூசி வைத்தால் தலைமுறைகளைத் தாங்கும். தோல் அப்படி இல்லை. வெயிலில் வெடிக்கும், மழையில் ஊறும், பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும், பூச்சிக்கு இரையாகும். உறை பழசானால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அதைத் தூக்கிப் போட்டார்கள். அதனால்தான் அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் கிடைக்கும் அளவுக்கு அவற்றின் உறைகள் கிடைப்பதில்லை. சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடுவதற்கு அந்த அருமையே காரணம்.

இந்த உறைகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் உள்ளே இருந்த துப்பாக்கியைப் பற்றியும், அதை ஏந்திய படைப்பிரிவைப் பற்றியும், அது கண்ட போரைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். தோலைப் பதனிட்டவர், வெட்டியவர், தைத்தவர் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஆனால் ஓர் உறை எந்தக் காலத்தது, எங்கே செய்யப்பட்டது, உண்மையானதா போலியா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தோலில்தான் இருக்கிறது. அந்த விடையைத் தேடிப் போனால், மலேசியாவின் கெடாவில் வாழும் தமிழர்கள் தங்கள் முன்னோரின் ஊர்களில் போய் நிற்பார்கள். கோத்தா கோலா மூடா, சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரத்தில் இருந்துகொண்டு இந்தத் துறையில் இறங்க நினைப்பவருக்கு உதவும்படி, வரலாறு, கண்டறியும் முறை, பாதுகாப்பு, சட்டம் ஆகிய நான்கையும் இங்கே தொகுத்துப் பார்க்கிறேன்.

உறையின் அமைப்பும் அதன் காலமும்

பழைய முறைச் சேண உறை பெரும்பாலும் இரட்டை. நீண்ட குழல் வடிவில் தைத்த இரண்டு உறைகளை அகலமான ஒரு தோல் பட்டை இணைக்கும். அந்தப் பட்டை சேணத்தின் முன்மேட்டில் படிந்து உட்கார, உறைகள் குதிரையின் இரு தோள்களுக்கும் மேலே தொங்கும். உறையின் நுனியில் பல சமயம் பித்தளைக் குமிழ் இருக்கும். வாய்ப்பகுதியை மழையிலிருந்து காக்க ஒரு மூடி உண்டு. அதிகாரிகளின் உறைகளுக்குக் கரடித்தோலிலும் சிறுத்தைத்தோலிலும்கூட மேல்மூடி போட்டார்கள்.

உறை இப்படி அமைந்ததற்குக் காரணம் துப்பாக்கியின் கனம். 1847-இல் அமெரிக்கப் படைக்காகச் செய்யப்பட்ட கோல்ட் வாக்கர் சுழல்துப்பாக்கி ஏறக்குறைய இரண்டு கிலோ எடை. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் குதிரையில் போக முடியாது. அதற்கு முந்தைய ஒற்றைக்குண்டுத் துப்பாக்கிகளும் நீளமானவை. ஒருமுறை சுட்டால் திரும்ப மருந்து கெட்டிக்க நேரம் பிடிக்கும் என்பதால் இரண்டாக வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலகுவான சுழல்துப்பாக்கிகள் பரவிய பிறகு துப்பாக்கி இடுப்புக்கு ஏறியது. 1858-இல் இந்தியாவில் நடந்த சண்டையில் இடது கையை இழந்த சாமுவேல் பிரவுன் என்ற அதிகாரியின் பெயரைத் தாங்கிய இடுப்புப்பட்டை, தோளிலிருந்து குறுக்கே இறங்கும் வாரோடு, உலகப் படைகள் பலவற்றுக்கும் பரவியது.

பிரிட்டிஷ் குதிரைப்படையில் மாற்றம் இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. 1830களின் இறுதியில் சாதாரணச் சிப்பாய்களிடமிருந்து கைத்துப்பாக்கி பெரும்பாலும் திரும்பப் பெறப்பட்டது. சேணத்தின் முன்பக்கத்தில் உறை இருந்த இடத்தைப் பைகள் பிடித்துக்கொண்டன. நீண்ட துப்பாக்கிக்குச் சேணத்தின் பக்கவாட்டில் தோல் வாளி போன்ற ஓர் உறை வந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் குதிரைப்படையினர் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியைச் சுமந்தது அத்தகைய வாளி உறையில்தான். ஆகவே இன்று ‘சேண உறை’ என்ற பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன: பழைய இரட்டைக் கைத்துப்பாக்கி உறை, அதன் இடத்துக்கு வந்த முன்பக்கப் பை, பிற்கால வாளி உறை. இவற்றுள் முதல் வகையே மிக அரிது. மூன்றாவதுதான் அதிகம் கிடைக்கும். எது எது என்று தெரியாமல் வாங்குபவர், மூன்றாவதற்கு முதலாவதன் விலையைக் கொடுத்துவிட்டு நிற்பார்.

ஆர்க்காடும் வேலூரும்

தமிழ் மண்ணில் இந்த உறைகள் புழங்கிய இடங்களைத் தேடினால் முதலில் கிடைப்பது ஆர்க்காடு. ஆர்க்காட்டு நவாபின் குதிரைப்படைப் பிரிவுகள் 1780களில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தன. அவற்றின் வழிவந்த ஒரு பிரிவு இன்றும் இந்திய ராணுவத்தில் 16-ஆவது லைட் கேவல்ரி என்ற பெயரில், 1776-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டு இயங்குகிறது. 1803 செப்டம்பர் 23 அன்று அசாயே போரில் 19-ஆவது லைட் டிரகூன்ஸ் என்ற ஆங்கிலேயப் பிரிவோடு மதராஸ் குதிரைப்படையின் 4, 5, 7-ஆவது பிரிவுகளும் பாய்ந்தன.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆர்க்காட்டுப் பாளையத்திலிருந்து கில்லெஸ்பி என்ற ஆங்கிலேய அதிகாரியின் தலைமையில் குதிரைப்படை விரைந்து வந்து எழுச்சியை அடக்கியது. அந்த எழுச்சிக்கான காரணங்களில் ஒன்று தோல். புதிதாகத் திணிக்கப்பட்ட தலைப்பாகையில் தோலால் செய்த ஒரு குஞ்சம் இருந்தது. அது பசுத்தோலோ பன்றித்தோலோ என்ற ஐயம் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது. படைக்கலச் சாலைக்குத் தோல் வெறும் மூலப்பொருள். அணிபவனுக்கு அது மதம், சாதி, மானம் எல்லாம். வேலூர் வரலாற்றைப் படித்தவர் எந்த ராணுவத் தோலையும் வெறும் பொருளாகப் பார்க்க மாட்டார்.

தோல் பிறந்த இடம்

அதே வட்டாரம்தான் தென்னிந்தியத் தோல் தொழிலின் தாயகம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்று வட்டாரம் நெடுகிலும் பதனிடும் கூடங்கள். மதராஸில் தாமஸ் பாரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சாந்தோமில் ஒரு தோல் பதனிடும் கூடம் நடத்தினார். வடக்கே கான்பூரில் 1860களில் அரசாங்கச் சேணத் தொழிற்சாலை எழுந்தது. வெளியாரை நம்பாமல் இந்தியப் படைகளுக்கான சேணம், கடிவாளம், உறை எல்லாவற்றையும் அரசே செய்துகொள்ள அது வழிவகுத்தது.

பாலாற்றங்கரை முறையை ஒரு சேகரிப்பாளர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மயிர் நீக்கிய தோலைத் தொட்டிகளில் ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். சாறு படிப்படியாகக் கடுப்பு ஏற்றப்படும். கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் முக்கி எடுத்து எண்ணெய் தடவுவார்கள். ஆவாரம்பட்டை மட்டும் போட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். கடுக்காய் அதை ஓரளவு தடுத்து, நிறத்தையும் தெளிவாக்கும். இப்படிச் செய்யப்பட்ட தோல் ‘கிழக்கிந்தியப் பதன்’ என்ற பெயரில் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. ஆங்கிலேயக் கடைகளில் தைக்கப்பட்ட சாமான்களிலும் அந்தத் தோல் கலந்திருக்கக் கூடும். ஆக, ‘இங்கிலாந்துச் சரக்கு’ என்று முத்திரை குத்தப்பட்ட பழைய பொருளின் தோல் பாலாற்றில் நனைந்ததாக இருக்க வாய்ப்பு உண்டு.

இந்தப் பதனுக்கு ஒரு பலவீனமும் உண்டு. மரப்பட்டைச் சாற்றில் ஊறிய தோல், நகரப் புகையில் உள்ள கந்தக வாயுவை உறிஞ்சி, உள்ளுக்குள் அமிலமாகி, காலப்போக்கில் செம்பொடியாக உதிரும். பழைய புத்தகக் கட்டுத் தோல்கள் இப்படி உதிர்வதைக் கண்டு, லண்டன் கலைக் கழகத்தின் குழு ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தது. விரைவாகக் கெடுபவை என்று அது சுட்டியவற்றில் கிழக்கிந்தியப் பதனும் இருந்தது. கடுக்காய் போன்ற காய்களிலிருந்து வரும் சாறு, பட்டைச் சாற்றைவிட இந்தக் கேட்டை நன்றாகத் தாங்கும். கையில் எடுத்தால் சிவப்புப் பொடி ஒட்டும் உறையைக் கண்டால், அதன் பதன் எந்த வகை என்பதற்கு அதுவே முதல் குறிப்பு.

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு பதன் வந்தது. 1903 வாக்கில் மதராஸ் கலைப்பள்ளியில் ஆல்ஃப்ரட் சேட்டர்டன் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையைச் சோதித்தார். 1912-இல் பல்லாவரம் அருகே குரோம் லெதர் கம்பெனி தொடங்கியது. இன்றைய குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். குரோம் பதன் சில நாட்களில் முடிந்துவிடும், தோல் மிருதுவாக இருக்கும், தண்ணீரைத் தாங்கும். காலத்தைக் கணிப்பதற்கு இந்த மாற்றம் எவ்வளவு பயன்படும் என்பதைக் கீழே காணலாம்.

கெடாவுக்கு வந்தது என்ன?

கெடா 1909-இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷ் மேற்பார்வைக்கு மாறியது. இங்கே குதிரைப்படை பெரிதாக நிலைகொண்டதே இல்லை. பேராக்கில் தாய்ப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் என்ற படையில் மலைப்பீரங்கிப் பிரிவு ஒன்று இருந்தது. அந்தப் படை 1919-இல் கலைக்கப்பட்டது. பினாங்கில் 1864 முதல் குதிரைப் பந்தயக் கழகம் இருந்தது. கெடா ரப்பர்த் தோட்டங்களில் தொடக்ககாலத் துரைமார் மட்டக்குதிரையில் தோட்டம் சுற்றியதுண்டு. பிறகு மோட்டார் சைக்கிளும் காரும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. ஆகவே பழைய தோட்ட பங்களாக்களிலிருந்து வெளிவரும் சேணச் சாமான்களில் பெரும்பாலானவை துரைமாரின் சொந்தச் சாமான்களாகவே இருக்கும். அவற்றில் ராணுவ முத்திரை இராது. அவற்றுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அவற்றைப் போர்ப்பொருள் என்று விற்பது தவறு.

போர் இங்கே வந்தது 1941 டிசம்பரில். 8-ஆம் தேதியே சுங்கை பட்டாணி விமானத்தளம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. 11 முதல் 13 வரை ஜித்ராவில் 11-ஆவது இந்தியப் படைப்பிரிவு தோற்று, குரூணுக்கும் பிறகு மூடா ஆற்றுக்கும் பின்வாங்கியது. அந்தப் பிரிவோடு இருந்தது 3-ஆவது கேவல்ரி. பெயரில் குதிரைப்படை, ஆனால் போருக்குச் சற்று முன்புதான் குதிரைகளைக் கைவிட்டு மோட்டார் வண்டிகளுக்கு மாறியிருந்தது. இந்தியக் குதிரைப்படையின் நீண்ட கதை குதிரையில்லாமல் முடிந்த இடங்களில் கெடாவும் ஒன்று.

ஜித்ராவில் கைவிடப்பட்ட தளவாடங்கள் ஏராளம் என்பது பதிவான வரலாறு. அதனாலேயே ‘ஜித்ராவில் கிடைத்தது’ என்ற சொல்லோடு எதையும் விற்கப் பார்க்கிறார்கள். அந்தக் காலத்து இந்தியச் சிப்பாய்களில் பலர் அணிந்தது காக்கித் துணிப்பட்டைகள். கெடாவின் ஈர மண்ணில் எண்பது ஆண்டுகள் கிடந்த தோல், நல்ல பளபளப்போடு மேலே வராது. அப்படி ஒன்றைக் காட்டினால், அது மண்ணிலிருந்து வரவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இன்று இங்குள்ளவர்களுக்கு இத்தகைய பொருள்கள் கிடைக்கும் வழிகள் மூன்று. பினாங்கு லோரோங் கூலிட் போன்ற பழைய பொருள் சந்தை. தோட்டம் விற்கப்பட்டு பங்களா இடிக்கப்படும்போது வெளிவரும் சாமான். இந்தியாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வருவிக்கும் சரக்கு. மூன்றாவது வழியில்தான் போலிகள் அதிகம்.

உண்மையை அறிவது

ஓர் உறை கைக்கு வந்ததும் சுத்தமான வெள்ளைத் துணியின் மேல் வையுங்கள். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து வாய்ப்பகுதியிலிருந்து நுனிவரை மெதுவாக ஓட்டுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத முத்திரைகளும் தேய்மானமும் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். இந்திய ராணுவக் கிடங்கின் பொருள்களில் அகன்ற அம்புக்குறியும் அதன் கீழே ஆங்கில ‘ஐ’ எழுத்தும் பதிந்திருக்கும். ஆண்டும், செய்தவரின் அடையாளமும் அருகிலேயே இருக்கலாம்.

அடுத்து, தோலின் வெட்டுமுனை. எங்காவது கிழிந்தோ தேய்ந்தோ உள்பகுதி தெரியும் இடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பட்டைப்பதன் தோல் மேலிருந்து கீழ்வரை பழுப்பாகவே இருக்கும். மேலே கறுப்பு அல்லது பழுப்புச் சாயம் போட்டு, நடுவில் நீலச்சாம்பல் கோடு தெரிந்தால் அது குரோம் பதன். வணிக அளவில் குரோம் பதன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தது. மதராஸுக்கு இருபதாம் நூற்றாண்டில். ‘வேலூர்க் காலத்து உறை’ என்று சொல்லப்படும் பொருளில் அந்த நீலம் தெரிந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

பிறகு தையல். சேணத் தையலில் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் குத்தி எடுப்பார்கள். மெழுகு தேய்த்த நூல் எங்காவது அறுந்தாலும் எதிர்ப்பக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். குதிரையின் உலுக்கலைத் தாங்க இதைவிட நல்ல தையல் இல்லை. கையால் போட்ட துளைகளில் மிக நுண்ணிய ஏற்றத்தாழ்வு இருக்கும். இயந்திரத் தையலில் இரு நூல்கள் தோலுக்கு நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். தோலுக்கான தையல் இயந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான் பரவியது. எனவே இயந்திரத் தையல் 1800-ஆம் ஆண்டுக் கதையைப் பொய்யாக்கும். கைத்தையல் மட்டும் பழமைக்குச் சான்று ஆகாது; இன்றும் அந்தத் தையல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

வரலாற்று நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் இந்தியாவில் இன்று பழைய மாதிரிகளைப் போலவே சேணச் சாமான்கள் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். அது நேர்மையான தொழில்தான். இடையில் ஒருவர் தேநீர்ச் சாயமும் மண்ணும் பூசிப் பழமையாக்கி விற்கும்போதுதான் அது மோசடியாகிறது. உண்மையான தேய்மானம் உராய்ந்த இடங்களில் மட்டும் இருக்கும்: வாய்விளிம்பு, பட்டை மடியும் இடம், குதிரையின் உடம்பில் பட்ட பின்பக்கம். எல்லாப் பக்கமும் ஒரே அளவு தேய்ந்த உறையை நம்பாதீர்கள்.

ஈரமும் உப்புக்காற்றும்

கடலை ஒட்டிய கோத்தா கோலா மூடாவில் தோலுக்குப் பகை காற்றிலேயே இருக்கிறது. தோல் நீடிக்க ஏற்ற காற்றின் ஈரப்பதம் சுமார் 45 முதல் 55 விழுக்காடு. 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு விருந்து. நம் ஊர் ஈரப்பதம் அதற்கும் மேலேதான். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கடற்கரையில் ஏறியது. அதைக் கண்ட ஊரில், விலைமதிப்புள்ள எதையும் தரைமட்டத்தில் அடுக்கி வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேமராக் கடைகளில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் மின்பெட்டி ஒன்று போதும். அதை 50 விழுக்காட்டில் வைத்தால் சின்னச் சேகரிப்பைக் காப்பாற்றலாம். அது முடியாதவர்கள் இறுக்கமான மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, நிறம் மாறும்போது மாற்ற வேண்டும். உறைக்குள் அமிலமில்லாத காகிதத்தை மென்மையாகச் சுருட்டி வைத்தால் வடிவம் குலையாது. பூச்சி இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் அடைத்து, உறைகுளிர்ப் பெட்டியில் மைனஸ் 20 பாகையில் ஒரு வாரம் வைத்து, பையைத் திறக்காமலேயே அறை வெப்பத்துக்குத் திரும்ப விட வேண்டும்.

நம் வீடுகளில் தோல் காய்ந்தால் விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தேய்ப்பது வழக்கம். இன்று போடும் செருப்புக்கு அது சரி. நூறு ஆண்டுத் தோலுக்கு அது கேடு. எண்ணெய் தூசியைப் பிடிக்கும், தோலைக் கறுக்க வைக்கும், பூஞ்சைக்குத் தீனியாகும், பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சைக் களிம்பு கட்டும். அந்தக் களிம்பை மெல்லிய மூங்கில் குச்சியால் சுரண்டி எடுத்தால் போதும். பித்தளைப் பாலிஷ் தோலில் படவே கூடாது. சேணச் சோப்பும் வேண்டாம், ஈரத்துணியும் வேண்டாம். பூஞ்சை பிடித்திருந்தால் முகக்கவசம் அணிந்து, வெளியில் வைத்து, காய்ந்த மென்தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். செம்பொடி உதிரும் தோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியே இல்லை. ஆல்கஹாலில் கரைத்த செல்லுலோஸ் பசை ஒன்றைப் பூசி மேற்பரப்பை நிறுத்தி வைக்கலாம்; அதைப் பாதுகாப்பு நிபுணரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

சட்டம்

இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இத்தகைய பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ‘மதராஸ் குதிரைப்படையின் அசல் உறை, இந்தியாவிலிருந்து நேரடியாக’ என்று ஒருவர் விற்றால், அது போலியாக இருக்க வேண்டும் அல்லது கடத்தலாக இருக்க வேண்டும். இரண்டுமே நமக்கு வேண்டாம். மலேசியாவில் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் உண்டு. அனுமதியில்லாமல் போர்க்களங்களைத் தோண்டக் கூடாது. வெடிக்காத குண்டுகள் கிடக்கும் ஆபத்தும் சேர்ந்தே இருக்கிறது. கரடித்தோலோ சிறுத்தைத்தோலோ மூடிய உறைகள் அழிந்துவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு விதிகளின் கீழ் வரும். எல்லை தாண்டுமுன் அனுமதி வாங்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. உறைக்குள் துப்பாக்கி, எவ்வளவு துருப்பிடித்ததாக இருந்தாலும், கிடைத்தால் அதைத் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மலேசிய ஆயுதச் சட்டங்கள் மிகக் கடுமையானவை.

முடிவுரை

இதுவரை பார்த்தவற்றை ஒரே நிலப்படத்தில் வைத்தால் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் நடுவில் வந்து நிற்கிறது. குதிரைப்படையின் பாளையம் அங்கே. தோலுக்காகச் சிப்பாய்கள் எழுந்த கோட்டை அங்கே. ஆவாரம்பட்டைத் தொட்டிகள் அங்கே. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய முக்கிய மாவட்டங்களில் ஒன்றும் அதுவே. மதராஸிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி பினாங்கில் இறங்கி கெடாவின் லயங்களுக்கு வந்தவர்களில், தோல் தொழில் அறிந்த குடும்பங்களும் இருந்திருப்பார்கள். அந்தத் தொழிலைச் செய்தவர்கள் சாதியால் ஒதுக்கப்பட்டதால், அவர்களின் திறமையும் ஏட்டில் ஏறவில்லை. படைப்பிரிவுகளின் பெயர்கள் பதிவாயின. தொட்டியில் நின்று தோலைப் புரட்டியவர்களின் பெயர்கள் பதிவாகவில்லை.

ஆகவே சேகரிப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: எங்கே, யாரிடமிருந்து, எப்போது வாங்கியது, அளவு, தோலின் வகை, தையல், முத்திரை, பழுது, முன்னும் பின்னும் எடுத்த படங்கள். பதனிடும் கூடங்களில் பாட்டனோ பூட்டனோ வேலை செய்ததாக நினைவுகூரும் பெரியவர்கள் தோட்டப்புறங்களில் இருந்தால், அவர்கள் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், கோட்டை அருங்காட்சியகம், இங்கே அலோர் ஸ்டாரின் மாநில அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு இந்தப் பதிவுகள் பயன்படும். உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகள் அந்தப் பொருளை விற்றாலும், அந்தப் பக்கம் அதோடு போக வேண்டும். பதிவில்லாத உறைக்குச் சந்தையில் விலை கிடைக்கும். வரலாற்றில் இடம் கிடைக்காது. துப்பாக்கியின் கதையை எழுத உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தோலின் கதையை எழுதும் பொறுப்பு அந்தத் தோல் பிறந்த மண்ணிலிருந்து வந்த நம்முடையது. அதை நாம் ஏற்றே ஆக வேண்டும்.